போன பக்கம், வந்த பக்கம்

மப்ளரைத் திருப்பிப் போட்டதும் செத்துப்போனவர்கள் வீட்டுக்கு வந்தார்கள் என்பதற்காக எங்கள் மலையில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வரவேண்டியவர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். வந்தவர்களை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்தது என்று நினைத்தால்தான் இன்றைக்கும் எங்களுக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் எஸ்டேட்டின் பெரிய துரை வெள்ளைக்காரர் இல்லை. வெள்ளைக்காரன் கப்பலேறி எத்தனையோ காலமாயிற்று, ஆனால் அவன் உட்கார்ந்த நாற்காலி அப்படியே இருக்கிறது, அதில் யார் வந்து உட்கார்ந்தாலும், கிருபாகரன் என்று நம் பெயர் வைத்துக்கொண்டு நம் பாஷையில் திட்டுகிறவராக இருந்தாலும், நாங்கள் துரை என்றுதான் கூப்பிடுகிறோம். அந்த வருஷம் ஐப்பசி மழை மலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தபோது, கம்பெனி கட்டத் தொடங்கியிருந்த ரிசார்ட்டின் அஸ்திவாரத்துக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று இந்தத் துரை மேல் லயத்து ஆண்களைச் சரிவின் உச்சிக்குப் போய் வாய்க்கால் வெட்டச் சொன்னார். லயம் என்பது தொழிலாளிகளுக்காகக் கட்டிய வரிசை வீடு, ஒரே சுவர், ஒரே கூரை, ஒரு வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். சரிவு கரைந்துகொண்டிருக்கிறது, இப்போது ஏறக்கூடாது என்று ஆட்கள் சொன்னார்கள். ஏறாதவன் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றார் துரை. சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வரிசையாக ஏறினார்கள்.

அமலோற்பவத்தின் புருஷன் சந்தியாகு வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன் அமலு" என்றான். எல்லா வாசலிலும் எல்லா ஆணும் அதையேதான் சொன்னான். நம் ஆட்களில் எவனும் "போறேன்" என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டமாட்டான். போவதைச் சொன்ன வாயால் வருவதையும் சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பான். அன்று மத்தியானம் மலை சரிந்து அவர்கள்மேல் இறங்கியது.

போலீஸ் வந்தபோது துரை குடைக்குள் நின்றபடி, "போயிட்டாங்க சார்" என்றார். "கேரளாப் பக்கம் கூலி கூடன்னு கூட்டமா போயிட்டாங்க. நேத்தே போயிட்டாங்க." நம் பாஷையில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. ஊரை விட்டுப் போனவனையும் அப்படித்தான் சொல்வோம், உயிரை விட்டுப் போனவனையும் அப்படித்தான் சொல்வோம். துரை ஒரு பக்கத்தை வெளியே காட்டினார், மேல் லயத்துப் பெண்கள் மறுபக்கத்தைக் கேட்டு மார்பில் அடித்துக்கொண்டார்கள், இன்ஸ்பெக்டர் தனக்குக் காட்டப்பட்ட பக்கத்தை எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். யாரும் தோண்டவில்லை. தோண்டினால்தானே பிணம், பிணம் இருந்தால்தானே வழக்கு. புல்டோசர் வந்து மண்ணை நிரவியது, மண்ணின்மேல் பாய் விரிப்பதுபோல் புல் விரித்தார்கள், புல்லின்மேல் வெள்ளை நாற்காலிகள் போட்டார்கள்.

அப்புறம் கம்பெனிக்கு இரக்கம் சுரந்தது. புருஷன் இல்லாத பெண்களுக்கு ரிசார்ட்டின் கைவினைக் கூடத்தில் பின்னல் வேலை கொடுத்தார்கள். கான்வென்ட் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்து எங்கள் பெண்களுக்குக் கம்பளி நூலும் ஊசியும் ஏற்கெனவே கைப்பழக்கம். சென்னையிலிருந்து வந்திருந்த டிசைனர் நிவேதிதா அவர்களை வரவேற்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு பழைய துணியைக் காட்டினாள். சோழமண்டலக் கரையில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நெய்தது என்று சொல்லி யாரோ விற்க, கம்பெனி முதலாளி வெளிநாட்டு ஏலத்தில் எடுத்த துணி. அரக்குச் சிவப்பில் வெள்ளையாக ஒரு வரிசை மனிதர்கள், தலையில் மூட்டை, இடுப்பில் ஒற்றைத் துண்டு, எல்லாரும் வலது பக்கம் பார்த்து நடக்கிறார்கள். எங்கே போகிறார்கள் என்பதை மட்டும் நெய்தவன் காட்டவில்லை. நிவேதிதா கையுறை போட்டுக்கொண்டு அதைத் திருப்பினாள். இப்போது வெள்ளையில் சிவப்பு மனிதர்கள்.

"இதே மாதிரி ரெண்டு பக்கமும் போட்டுக்கிற மப்ளர் வேணும்" என்றாள். "திறப்பு விழாவுக்கு வர்ற கெஸ்ட்டுக்கெல்லாம் குடுக்கப்போறோம். ரெண்டு பக்கமும் ஒரே படம்தான், கலர் மட்டும் மாறும்."

"ஒரே படம் இல்லம்மா" என்றாள் அமலு. "அந்தப் பக்கம் போறாங்க. இந்தப் பக்கம் வர்றாங்க."

நிவேதிதா குனிந்து பார்த்தாள். வலது பக்கம் நடந்தவர்கள் இப்போது இடது பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். "அட, ஆமால்ல" என்று சிரித்துவிட்டு, முதல் சாம்பிளை அமலுவே பின்னட்டும் என்று நூலைக் கொடுத்தாள்.

இரண்டு நூலையும் ஒரே ஊசியில் கூட்டிக்கொண்டு பின்னவேண்டும். ஒரு கண்ணி இந்தப் பக்கத்துக்கு, அடுத்த கண்ணி அந்தப் பக்கத்துக்கு, சிவப்பு இங்கே முன்னால் வந்தால் வெள்ளை அங்கே முன்னால் போகும், எதை எங்கே கொடுத்தாலும் அதன் எதிர் மறுபுறத்தில் தானாக விழுந்துகொண்டே இருக்கும். அமலு மழைக்காலத்து மத்தியானங்களில் கதவைத் திறந்து வைத்து, நிரவிய சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்து பின்னினாள். மூட்டை பின்னவில்லை, மண்வெட்டி பின்னினாள். ஒற்றைத் துண்டு பின்னவில்லை, சாக்குக் கொங்காணி பின்னினாள். வலது தோளைச் சற்று இறக்கி நடக்கும் சந்தியாகுவைப் பின்னினாள், முடி நனைந்துவிடும் என்று மண்வெட்டியோடு குடையும் எடுத்துப்போன கண்ணப்பனைக் குடையோடு பின்னினாள், பக்கத்து வீட்டு லூர்துவின் அண்ணனை, செல்லத்தாயியின் புருஷன் மாடசாமியை, மேல் லயத்திலிருந்து ஏறிய ஒவ்வொருவனையும் அவனவன் நடையோடு பின்னினாள். கோபத்தில் நூலை இறுக்கி இழுத்த இழுப்பில் கண்ணிகள் ஊசியில் நகர மறுத்தன.

"நூலு என்னடி பண்ணுச்சு உன்ன?" என்று கேட்டாள் லூர்து.

"நூலத்தான இழுக்க முடியுது" என்றாள் அமலு.

முடித்த அன்று அதைக் கட்டிலில் விரித்தாள். சிவப்பில் வெள்ளை ஆட்கள் மலை இருக்கும் திசையைப் பார்த்து நடந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பின்பக்கம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கத் திருப்பிப் போட்டாள். வெள்ளையில் சிவப்பு ஆட்கள் லயத்தைப் பார்த்து நடந்தார்கள். வாசலில் மண்வெட்டியைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வந்துட்டேன்" என்றான் சந்தியாகு. "சோறு இருக்கா?"

லயத்தின் எல்லா வாசலிலும் அதே சத்தம். தலையிலிருந்து கால்வரை சேறு, கண் மட்டும் வெள்ளை. அழுகை, ஓட்டம், கட்டிப்பிடிப்பு எல்லாம் அன்று சாயங்காலத்தோடு முடிந்துவிட்டது, ஏனென்றால் மறுநாள் எல்லாருக்கும் வேலை இருந்தது. வந்தவர்களுக்கு எத்தனை குளிப்பாட்டினாலும் சேறு போகவில்லை, உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஈரமண் படிந்தது, பொதுக்குழாயடியில் அதை யார் கழுவுவது என்று பெண்களுக்குள் சண்டை வந்தது, வந்தவனின் பெண்டாட்டிதான் கழுவவேண்டும் என்று தீர்ப்பானது. ரேஷன் கடைக்காரர் பெயர்களைத் திரும்பச் சேர்க்க மறுத்துவிட்டு அரிசியை மட்டும் கொடுத்தார். பங்குச் சாமியார் ஆத்மசாந்திக்காக வைத்த பூசையை வாபஸ் வாங்க வழியிருக்கிறதா என்று மறைமாவட்டத்துக்குப் போன் போட்டார், வழியில்லை என்றதும், "கிடக்கட்டும், எப்படியும் ஒருநாள் வேண்டியதுதானே" என்று எங்களிடம் சொன்னார். செல்லத்தாயி இதற்குள் தபால்கார முத்தையாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாடசாமி வந்து நின்றதும் முத்தையா தன் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப, மாடசாமி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தான். ஊரில் இல்லாத வழக்கம்தான் என்றாலும், மூன்று பேரும் சேர்ந்து விறகு பொறுக்கப் போவதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அதுவும் பழகிவிட்டது.

ஒருநாள் காற்றில் கதவு திறந்து மப்ளர் கட்டிலில் புரண்டுவிட்டது. குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த கண்ணப்பன் நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தான், வாயெல்லாம் மண், கை விறைத்துப்போய்க் கிடந்தது. விறகுக்கட்டோடு மாடசாமி பாதையில் விழுந்தான். எஸ்டேட்டைச் சுற்றிவந்த பெரிய துரையின் ஜீப்புக்கு முன்னாலேயே ஒருவன் விழுந்தான். அமலு ஓடிப்போய்த் துணியைத் திருப்பிப் போட்டதும் எல்லாரும் எழுந்தார்கள், கண்ணப்பன் விட்ட இடத்திலிருந்து பல் விளக்கினான். அதன்பிறகு மப்ளரை அமலுவின் வீட்டுச் சுவரில், வந்த பக்கம் வெளியே தெரிய, நாலு மூலையிலும் ஆணியடித்து வைத்தார்கள். லயத்துப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு அதற்குக் காவல் இருந்தார்கள்.

சந்தோஷமாக இருந்தார்களா என்று கேட்டால் என்ன சொல்ல? வந்தவர்கள் சாப்பிட்டார்கள், பசி அடங்கவில்லை. படுக்க முடியவில்லை. முதுகு பாயில் பட்டதும் மூச்சு முட்டி எழுந்துவிடுவார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண்ணை மூடுவார்கள். மழைச் சத்தம் கேட்டால் சந்தியாகு வெறுங்கையால் வீட்டுத் தரையைத் தோண்டுவான், நகம் பெயரும்வரை தோண்டுவான். அமலு அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் அமுக்கி வைத்துக்கொள்வாள். குளிர்ந்திருந்தாலும் அது அவன் கைதான், அந்தக் கைக்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

ஆனால் ஒன்றை அவள் விடவில்லை. மலையைத் தோண்டவேண்டும், ஏற்றியது யார் என்று எழுதவேண்டும் என்று அவளும் லூர்துவும் முன்பு கொடுத்திருந்த மனு ஆர்.டி.ஓ. ஆபீசில் கிடந்தது. அது என்னவாயிற்று என்று கேட்கப் போனாள். அங்கே பெரிய துரை முன்னமே வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அதான் வந்துட்டாங்களேம்மா" என்றார் ஆர்.டி.ஓ. "ஆளு வீட்ல இருக்கான், நீ இங்க வந்து செத்துட்டான்னு மனு குடுக்கிற. இது நல்லாவா இருக்கு?"

"நான் அன்னிக்கே சொன்னேன் சார்" என்றார் துரை. "போயிட்டாங்கன்னுதான சொன்னேன்? செத்துட்டாங்கன்னா சொன்னேன்? போனவங்க வந்துட்டாங்க."

அமலுவுக்கு உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. செய்ததைவிட, செய்ததைத் துடைத்துக்கொள்ள அவளுடைய துணியையே எடுத்துக்கொள்வதைப் பார்த்தால் வரும் எரிச்சல் அது. "எங்க வீட்டுக்காரரு மூச்ச முழுசா விட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா தொர?" என்றாள். ஆர்.டி.ஓ. ஃபைலை மூடினார்.

மறுநாள் துரை வாட்ச்மேன்களோடு லயத்துக்கு வந்து சுவரிலிருந்து மப்ளரை ஆணியோடு பிடுங்கினார். நூல் கம்பெனியுடையது, அதனால் துணியும் கம்பெனியுடையது என்றார். "இங்க கெடந்தா எலி கடிச்சிரும், காத்துல பொரண்டுரும். அங்க பத்திரமா இருக்கும். உங்க ஆளுங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றபோது அவர் குரலில் அக்கறைகூட இருந்தது. ஆட்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கும்வரைதான் அவருக்குத் தூக்கம். வரவேற்பறையில் பழைய துணிக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், வந்த பக்கம் மேலே தெரிய அதை வைத்துப் பூட்டினார்கள்.

அதோடு விட்டார்களா? முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. வந்தவர்கள் எல்லாருக்கும் ரிசார்ட்டில் வேலை. பழைய துணியில் இருப்பது மாதிரியே இடுப்பில் ஒற்றைத் துண்டு, தலையில் மூட்டை, மூட்டைக்குள் பஞ்சு. திறப்பு விழாவன்று வரவேற்பறையில் வரிசையாக நின்று கெஸ்ட்டுகளை வரவேற்கவேண்டும். உடம்பில் இருக்கும் சேறு பார்க்க இயல்பாக இருக்கிறது, கழுவவேண்டாம் என்று சொல்லி, தரையில் சொட்டுவதைத் துடைக்க மட்டும் ஒரு ஆளைப் போட்டார்கள். லயத்தில் சிலர் இதற்கும் தலையாட்டினார்கள். "ஆளு வந்துட்டாங்க, வேலயும் வந்துருச்சு, இன்னும் என்னத்துக்கு அமலு கெடந்து குதிக்கிற" என்றார்கள். அவர்களையும் அவள் திட்டினாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் அந்த ஒற்றைத் துண்டோடு வந்து நின்றவனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றான் சந்தியாகு.

"என்னது?"

"நான் எங்க இருந்து வந்தேன்னு." சுவரைப் பிடித்துக்கொண்டான். "படுக்கணும்போல இருக்கு அமலு. மண்ணுக்கடியிலயும் நான் படுக்கல. நின்ன வாக்குலதான் மூடுச்சு."

அவள் அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். இப்படியே இருந்துவிடலாம், சேற்றைத் துடைத்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம், சோறு போடலாம், இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மழையைக் கேட்கலாம் என்றெல்லாம் அவளுக்கு இருந்தது.

"இங்க படுத்தா திரும்பவும் போயிட்டாங்கன்னுதான் சொல்லுவானுங்க" என்றாள் கடைசியில். "எங்க படுக்கணும்னு நான் சொல்றேன். மத்தவங்க கிட்டயும் கேளுங்க, சம்மதமான்னு."

அவன் லயத்தின் ஒவ்வொரு கதவாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். செல்லத்தாயி மட்டும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே மாடசாமி சம்மதம் சொன்னான்.

விழாவுக்குக் கலெக்டர் வந்தார், வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், புல்தரையில் வெள்ளை நாற்காலிகளில் உட்கார்ந்து எங்கள் டீயைக் குடித்தார்கள். வரவேற்பறையில் இரண்டு பக்கமும் திரும்பி வந்த எங்கள் ஆட்கள் மூட்டையோடு நின்றார்கள், மேளக்காரர்கள் வாசித்தார்கள், யாரோ பன்னீர் தெளித்தார்கள். முதலாளி கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பழைய துணியின் பெருமையையும் புதிய மப்ளரின் பெருமையையும் பேசினார். பின்னிய பெண் என்று கம்பெனிப் புடவை கட்டிய அமலுவைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

"ரெண்டு பக்கமும் போடலாம்னு சொல்றீங்க" என்றார் கலெக்டர். "அந்தப் பக்கம் எப்படி இருக்கு, பாக்கலாமா?"

"தாராளமா" என்று முதலாளி தானே பெட்டியைத் திறந்தார். துணி புரண்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த மாதிரி விஷயத்தையெல்லாம் துரைகள் முதலாளிகளிடம் சொல்வதில்லை. "நீயே எடுத்துக் காட்டும்மா."

அமலு மப்ளரைக் கையில் எடுத்தாள். பெரிய துரை கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். "வேண்டாம் சார்! திருப்பவேண்டாம்!"

மேளம் நின்றது. "ஏன்?" என்றார் கலெக்டர்.

"அது... பழைய துணி சார், கிழிஞ்சிரும்."

"இது இந்த வருஷம் பின்னினதுதானே?"

திருப்பக்கூடாது என்றால் துரை காரணம் சொல்லவேண்டும். காரணம் ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்னமாதிரி.

"ஏன் வேணாம் தொர?" என்றாள் அமலு. "கேக்குறாங்கல்ல, சொல்லுங்க. திருப்புனா இவங்களுக்கு என்ன ஆகும்? நீங்க வாயால சொல்லிட்டா நான் திருப்பல. சத்தியமாத் திருப்பல. இவர நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

அவள் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். இவன் சொல்லிவிடமாட்டானா, சொல்லிவிட்டால் சந்தியாகு தனக்கு மிஞ்சுவானே என்று அந்தக் கடைசி நேரத்தில் அவள் மனசு அடித்துக்கொண்டது. துரை முதலாளியைப் பார்த்தார், கலெக்டரைப் பார்த்தார், காலுக்குக் கீழே பார்த்தார். "ஒண்ணும் ஆகாது சார்" என்றார்.

வரிசையில் நின்ற சந்தியாகு மூட்டையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "போயிட்டு" என்றான். அடுத்த சொல் வருவதற்குள் அவள் திருப்பிவிட்டாள்.

எல்லாரும் ஒரே சமயத்தில் விழுந்தார்கள். பளிங்குத் தரையில், பூஜாடிகளுக்கு நடுவில், பன்னீரில், வெளிநாட்டுப் பெண்களின் காலடியில், பெயர்ந்த நகத்தோடும் மண் அடைத்த வாயோடும் விழுந்து அப்படியே கிடந்தார்கள். வெகுகாலம் மண்ணுக்கடியில் கிடந்த உடம்பின் நாற்றம் வரவேற்பறையில் நிறைந்தது. யாரோ அலறினார்கள், நாற்காலிகள் உருண்டன. "இவங்களை யார் உள்ளே விட்டது?" என்று முதலாளி கத்தினார்.

"நீங்கதான் நிக்க வச்சீங்க" என்றாள் அமலு. "எங்கயும் போகல. எல்லாரும் இங்கதான் இருக்காங்க. எண்ணுங்க."

துரை கதவைப் பார்த்து நகர்ந்தார். கதவில் லூர்துவும் செல்லத்தாயியும் லயத்துப் பெண்களும் நின்றார்கள், அவர்கள் வழிவிடவில்லை. அமலு தரையில் உட்கார்ந்து சந்தியாகுவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவன் வாயிலிருந்து மண்ணை விரலால் எடுத்தாள், அவன் முதுகை முழுசாகத் தரையில் படும்படி நேராக்கிவிட்டாள். பிறகுதான் அழுதாள். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கலெக்டர் ஒவ்வொரு உடம்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார், அவருக்குப் பின்னால் ஒருவர் எழுதிக்கொண்டே வந்தார், அவள் இருந்த இடத்துக்கு வந்ததும், யாரோ ஒரு பெண் தன் புருஷனை மடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தலையைத் திருப்பிக்கொண்டு அடுத்த உடம்புக்குப் போனார்கள்.

அமலு எட்டிக் கலெக்டரின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"ஒருத்தர விட்டுட்டீங்க" என்றாள். "இவரையும் சேத்து மொதல்ல இருந்து எண்ணுங்க."